சாயம் போன குறிஞ்சி

நடுவர் அவர்களே, நான் எழுந்து வந்ததுகூடத் தெரியாமல் செல்ஃபிக்கு ஃபில்டர் தேடிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“சுற்றுலாப் படங்களை எடிட் செய்வது அழகூட்டலா, ஏமாற்றா?” ஏமாற்றே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின தங்கை என்ன சொன்னாங்க? “கேமரா நம்ம கண்ணு மாதிரி பார்க்காது. உச்சி வெயில்ல கோபுரத்துக்கு வெளிச்சம் வெச்சா வானம் வெளுத்துப்போகும். வானத்துக்கு வெச்சா கோபுரம் கரியாயிடும். கேமரா தர்ற ரா ஃபைல், அதாவது எந்தச் சரிபண்ணலும் செய்யாத படம், உப்பில்லாத குழம்பு. நாங்க உப்புதானே போடறோம்?”

நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன் நடுவரே, அதுல தப்பே இல்லை. படத்துல சாஞ்சு தெரியற கடல் விளிம்பை நிமிர்த்துங்க. பல்பு வெளிச்சத்துல மஞ்சக்காமாலை வந்த மாதிரி தெரியற முகத்தைச் சரிபண்ணுங்க. அங்கே நின்னப்ப உங்க கண்ணு பார்த்ததுதான் அதெல்லாம், கேமரா தவறவிட்டுடுச்சு. தாராளமா உப்பு போடுங்கம்மா. ஆனா உப்போட நிக்கறீங்களா? கத்திரிக்காய்க் குழம்புல கோழியை மிதக்க விடறீங்களே!

1982 பிப்ரவரி. நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை, அட்டையில கீசா பிரமிடுகள். படம் அகலவாக்குல எடுத்தது, அட்டையோ உயரவாக்கு. என்ன பண்ணாங்க? கம்ப்யூட்டர்ல ஒரு பிரமிடை இன்னொண்ணு பக்கத்துல நகர்த்திட்டாங்க! 4,500 வருஷமா மணல் புயலுக்கும் படையெடுப்புக்கும் அசையாத கல்லை, ஏசி ரூம்ல உட்கார்ந்து நகர்த்தியிருக்காங்க. கேட்டா, படம் எடுத்தவர் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்த மாதிரிதானேன்னு சமாதானம். அப்ப அவரையே தள்ளி நிக்கச் சொல்லியிருக்கலாமே ஐயா? பிரமிடை நகர்த்தறதைவிட மனுஷனை நகர்த்தறது சுலபமாச்சே.

இன்னொரு தம்பி, “படைப்பாளிக்குச் சுதந்திரம் வேணும், இது கலை”ன்னார். கலைதான். கீழே “என் கற்பனை”ன்னு எழுதிப் போட்டுட்டா வழக்கே இல்லை. “கொழுக்குமலை, காலை ஆறு மணி”ன்னு எழுதறீங்களே, அங்கேதான் வம்பு. கல்யாண ஆல்பத்துல என் மச்சான் தலையில முடி முளைக்க வைங்க, யாருக்கு நஷ்டம்? அவரைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்கப் போறதில்லை. சுற்றுலாப் படம் அப்படியா? அதைப் பார்த்துட்டு ஒருத்தன் சீட்டுப் பணத்தை எடுத்து, லீவு கேட்டு, குடும்பத்தோட கிளம்பறான். பாலித்தீவுல லெம்புயாங் கோயில் வாசல் படத்தைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு கோபுரம், நடுவுல எரிமலை, கீழே கண்ணாடி மாதிரி ஏரி. நேர்ல போனா அங்கே ஏரியே கிடையாது. போன் லென்ஸுக்குக் கீழே ஒரு துண்டுக் கண்ணாடியைப் பிடிக்கறாங்க, அவ்வளவுதான். “அது எடிட்டிங் இல்லையே”ம்பீங்க. சரி, உங்க ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்குவோம்.

கொழுக்குமலைன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். 2018, குறிஞ்சி பூத்த வருஷம். வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்தது. மலை முழுக்கக் கத்திரிப்பூ ஊதா, அப்படியே பத்தி எரியுது. எங்க அத்தை பார்த்துட்டாங்க. மதுரையில வேன் பிடிச்சு, போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியில ஜீப் மாறினோம். அந்த ஜீப் பாதையில போனவங்களுக்குத் தெரியும், குடல் எது, நுரையீரல் எதுன்னு உள்ளே இடம் மாறிடும்.

மேலே இறங்கினோம். பூத்திருக்கு நடுவரே! இடுப்பளவு புதர், கொத்துக்கொத்தா சின்னச்சின்ன மணி கவுத்த மாதிரி பூ, பனி சொட்டுது, உள்ளே தேனீ நுழைஞ்சு நுழைஞ்சு வருது. நிறம்? வெளிர் நீலம், அதுல லேசா ஊதா. அதுதான் குறிஞ்சியோட நிறம். அத்தை ஒரு கொத்தைப் பிடிச்சாங்க, இன்னொரு கையில போனைப் பக்கத்துல வெச்சாங்க. இதைப் பார்த்தாங்க, அதைப் பார்த்தாங்க. “சாயம் போயிடுச்சேப்பா”ன்னாங்க! பத்துத் தடவை துவைச்ச சுங்குடிச் சேலையைச் சொல்ற மாதிரி, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கிற பூவைப் பார்த்து.

அந்தப் படத்தை வாங்கி அப்பதான் உத்துப் பார்த்தேன். ஓரத்துல ஒருத்தர் வெள்ளைச் சட்டையில நிக்கறார். அந்த வெள்ளைச் சட்டையும் படத்துல ஊதாவாத் தெரியுது. படம் முழுக்க ஊதா நிறத்தைக் கடைசி வரைக்கும் ஏத்திவிட்டிருக்கார், எடிட் பண்ணின புண்ணியவான். வீட்டுல உட்கார்ந்து லைக் போட்டவங்களுக்கு அவரால ஒரு நஷ்டமும் இல்லை. அவ்வளவு தூரம் ஏறிப்போய் நிஜத்துக்கு முன்னால நின்னாங்க பாருங்க எங்க அத்தை, அவங்க கண்ணுல இருந்துதான் குறிஞ்சியைப் பறிச்சுட்டார்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். அடுத்த பூப்பு 2030-ல. அத்தை வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வருஷம் அவங்க போன்ல வாட்ஸ்அப்பை நான் அழிச்சுக் கொடுக்கணுமாம்.

நன்றி, வணக்கம்.