புகையைத் துறைமுகத்தில் பிடிக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம். கடலைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் பிளாஸ்டிக் குப்பையும் எண்ணெய்க் கசிவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது கண்ணில் படாத ஒன்றைப் பற்றி: நம் கார், லாரி, விமானம், கப்பல் விடும் புகை கடலை என்ன செய்கிறது என்பது பற்றி.

நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. பூமியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்திலும் சுமார் 90 சதவீதம் அங்கேதான் போகிறது. தண்ணீரில் கரைந்த அந்த வாயு அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேல்மட்டக் கடல்நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; இறங்கினால் அமிலம் கூடுகிறது) இப்போது சுமார் 8.1. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பிஎச் கணக்கில் இந்தச் சின்ன இறக்கம், அமிலத்தன்மை 30 சதவீதம் அளவுக்குக் கூடியதற்குச் சமம். முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு முதல் இரண்டொரு நாளிலேயே ஓடு கட்டியாக வேண்டும். அதற்குத் தேவையான கார்பனேட்டை அமிலம் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. ஓடு கட்டமுடியாத குஞ்சு பிழைப்பதில்லை.

எரிபொருளை எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடில் கிட்டத்தட்ட கால் பங்கு போக்குவரத்துடையது. அதில் பெரும்பகுதி சாலை வண்டிகள். உலக மொத்தத்தில் கப்பல்களின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். அப்புறம் ஏன் கப்பலைப் பிடித்துக்கொள்கிறேன்? காருக்குக் கட்டுப்பாடு போட ஓர் அரசாங்கம் இருக்கிறது. கப்பலின் முதலாளி ஒரு நாடு, கொடி பனாமா அல்லது லைபீரியா, சரக்கு மூன்றாவது நாட்டுக்காரருடையது. நடுக்கடலில் விட்ட புகையை யார் கணக்கில் எழுதுவது? பருவநிலை மாற்றத்தைத் தடுக்க 1997இல் வந்த கியோட்டோ உடன்படிக்கை, சர்வதேசக் கப்பல் புகையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (கப்பல்களுக்கு விதி வகுக்கும் ஐ.நா. அமைப்பு) தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் நடுக்கடலில் சட்டம் செல்லாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கந்தகத்தைப் பாருங்கள். கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்ற அனுமதி, 2020 ஜனவரியில் 0.5 சதவீதமாகக் குறைந்தது. மார்ச்சில் இன்னொரு விதி வந்தது: புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் கருவி இல்லாத கப்பல், தன் தேவைக்கென்று அந்தப் பழைய எண்ணெயைத் தொட்டியில் வைத்திருக்கவே கூடாது. கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. புகைபோக்கியைத் துரத்திக்கொண்டு எந்த அதிகாரியும் கடலுக்குப் போக வேண்டாம். கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் தொட்டியில் மாதிரி எடுத்தால் போதும்.

அந்த விதியிலும் ஓட்டை உண்டு. பல ஸ்க்ரப்பர்கள் புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த அமில நீரைக் கடலிலேயே விடுகின்றன. காற்றைச் சுத்தம் செய்ய கடலை அழுக்காக்குவது எனக்குச் சம்மதமில்லை. சிங்கப்பூர் 2020லிருந்து தன் துறைமுக நீரில் இதைத் தடை செய்திருக்கிறது.

சரி, கார்பன்? எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கலாம். கார்பனைப் பிரித்தால் எண்ணெயே இல்லை. குறைவாக எரிக்க வேண்டும், இல்லையேல் எரிபொருளை மாற்ற வேண்டும். முதல் வழிக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும். பல கப்பல்கள் விரைந்து வந்து, இடம் கிடைக்காமல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கின்றன. அந்த அவசரத்துக்கு எரித்தது அத்தனையும் வீண்.

எரிபொருளை மாற்றச் செலவாகும். விதி இல்லாமல் யாரும் முதலில் இறங்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களின் கார்பனுக்கு விலை வைத்துவிட்டது. கொடி எந்த நாட்டுடையது என்று அது பார்ப்பதில்லை. உலகம் முழுவதற்குமான விதிக்குக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அக்டோபரில் நிறைவேற்ற வேண்டிய நேரத்தில் ஓராண்டுக்குத் தள்ளிப்போட்டது. அதுவரை துறைமுகம் வைத்திருக்கும் நாடுகள் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை: நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம், மெதுவாக வரும் கப்பலுக்கு இடத்தை முன்பே உறுதி செய்யலாம், ஸ்க்ரப்பர் நீரைத் தடுக்கலாம். இதற்கெல்லாம் எந்த உலக மாநாட்டின் அனுமதியும் வேண்டியதில்லை.