டிஸ்ட்ரிக்டில் யார் மேலதிகாரி? ஸ்கவுட் பெற்றோரின் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். "என் மகன் ஸ்கவுட் ட்ரூப்பில் (சாரணர் குழுவில்) இருக்கிறான். டிஸ்ட்ரிக்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களில் டிஸ்ட்ரிக்ட் சேர் (தலைவர்), டிஸ்ட்ரிக்ட் கமிஷனர், டிஸ்ட்ரிக்ட் எக்ஸிகியூட்டிவ் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். இவர்களில் யார் பெரியவர்? ட்ரூப்பை நடத்தும் எங்கள் ஸ்கவுட்மாஸ்டரோடு ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது, யாரிடம் போவது? அப்புறம், என் கணவரை யூனிட் கமிஷனராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் சின்ன வயதில் சாரணர் படையில் இருந்ததில்லை. கூடாரம் அடிக்கக்கூடத் தெரியாது. ஒத்துக்கொள்ளலாமா?"

நல்ல கேள்வி. பல வருடம் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போய்வரும் பெற்றோருக்கே இது தெரிவதில்லை.

முதல் பகுதிக்கு நேரடியான பதில்: மூன்று பேரில் யாரும் மற்ற இருவருக்கு மேலதிகாரி இல்லை. மூவரையும் சேர்த்து 'கீ த்ரீ' என்பார்கள். இதே போன்ற மூவர் கூட்டு மேலே, பல டிஸ்ட்ரிக்டுகள் சேர்ந்த கவுன்சிலிலும் உண்டு, கீழே உங்கள் ட்ரூப்பிலும் உண்டு. இவர்களில் டிஸ்ட்ரிக்ட் எக்ஸிகியூட்டிவ் மட்டும்தான் சம்பளம் வாங்குபவர். சேரும் கமிஷனரும் தன்னார்வலர்கள். பகலில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும், அல்லது ஓய்வு பெற்றிருப்பார்கள். சீருடையைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ட்ரூப் தலைவர்களின் தோளில் பச்சை நிற வளையம் இருக்கும். டிஸ்ட்ரிக்ட், கவுன்சில் ஆட்கள் எல்லோருக்கும் வெள்ளி நிறம்தான், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

இது ஏன் இப்படி என்று புரிய, டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். 1910-இல் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று தொடங்கி, 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாறிய அமைப்பில், சட்டப்படி தனி நிறுவனமாக இருப்பது கவுன்சில். ஊழியர்களை வேலைக்கு வைப்பதும், பணத்தைக் கையாள்வதும் கவுன்சில்தான். டிஸ்ட்ரிக்ட் என்பது அந்தக் கவுன்சிலின் பரப்பைப் பிரித்து வைத்த ஒரு பகுதி, அவ்வளவுதான். அதற்கென்று தனியாகச் சட்ட உருவம் கிடையாது, தனிக் கணக்கு வழக்கும் கிடையாது. அதனால் டிஸ்ட்ரிக்ட் எக்ஸிகியூட்டிவுக்கு உண்மையான மேலதிகாரி கவுன்சில் அலுவலகத்தில் இருக்கிறார். அந்த அலுவலகத்தின் தலைமை ஊழியருக்கு ஸ்கவுட் எக்ஸிகியூட்டிவ் என்று பெயர். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம், இருவரும் வேறு வேறு ஆட்கள்.

டிஸ்ட்ரிக்ட் எக்ஸிகியூட்டிவ் என்னதான் செய்கிறார்? புதிய யூனிட்டுகளை, அதாவது ட்ரூப் போன்ற குழுக்களை, தொடங்க ஆட்களைப் பார்ப்பார். பள்ளி திறந்ததும் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலையை ஒருங்கிணைப்பார். நிதி திரட்டுவதற்கு உதவுவார். தன்னார்வலர்களுக்குத் தகவலும் ஆலோசனையும் தருவார். மாலையிலும் வார இறுதியிலும்தான் தன்னார்வலர்களைப் பிடிக்க முடியும் என்பதால் அவருடைய வேலை நேரமும் அப்போதுதான் நீளும். அவரை வாடிக்கையாளர் சேவை மையம் போல நினைத்து எல்லாவற்றுக்கும் அழைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர் மாற்றலாகிப் போகலாம், வேறு வேலைக்கும் போகலாம். எந்தப் பள்ளி முதல்வர் ஆதரவு தருவார், எந்த ட்ரூப் எந்த வருடம் ஏன் கலைந்தது என்பதெல்லாம் நீண்ட நாள் இருக்கும் தன்னார்வலர்களுக்குத்தான் தெரியும். டிஸ்ட்ரிக்ட் உயிரோடு இருப்பது அவர்களால்தான்.

டிஸ்ட்ரிக்ட் சேர் என்பவரை டிஸ்ட்ரிக்ட் கமிட்டி ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. உறுப்பினர் சேர்க்கை, நிதி, பயிற்சி, முகாம், அட்வான்ஸ்மென்ட் (பிள்ளைகளின் தகுதிநிலை உயர்வு) என்று ஒவ்வொரு வேலைக்கும் தகுந்த ஆளைப் பிடித்து உட்கார வைப்பது அவர் பொறுப்பு. ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர், கேட்கத் தயங்காதவர் என்றால் இந்தப் பொறுப்புக்குப் பொருத்தம்.

கமிஷனர் வேலை வேறு. நிகழ்ச்சி நடத்துவது அவர் பொறுப்பில்லை. சிறு பிள்ளைகளின் குழுவான பேக்கும், ட்ரூப்பும் ஒவ்வொன்றும் நன்றாக நடக்கிறதா என்று கவனிப்பதுதான் அவர் வேலை. அவருக்குக் கீழே உதவி கமிஷனர்கள், மாதந்தோறும் தலைவர்கள் கூடும் ரவுண்ட்டேபிளை நடத்தும் ரவுண்ட்டேபிள் கமிஷனர்கள், ஒருசில யூனிட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் யூனிட் கமிஷனர்கள் இருப்பார்கள். உங்கள் கணவரைக் கேட்டிருப்பது இந்தக் கடைசிப் பொறுப்புக்குத்தான்.

சரி, ட்ரூப்பில் உள்ள கருத்து வேறுபாட்டுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கவுன்சிலுக்கோ டிஸ்ட்ரிக்டுக்கோ நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். ஸ்கவுட்மாஸ்டரை டிஸ்ட்ரிக்ட் நியமிப்பதில்லை. ட்ரூப் கமிட்டி அவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த ட்ரூப்பை நடத்தும் சார்ட்டர்ட் ஆர்கனைசேஷன், அதாவது ஒரு தேவாலயமோ சேவைச் சங்கமோ பெற்றோர் அமைப்போ, அதற்கு ஒப்புதல் தருகிறது. ஆகவே முதலில் ஸ்கவுட்மாஸ்டரிடமே பேசுங்கள். தீரவில்லை என்றால் ட்ரூப்பின் கமிட்டி சேரிடம் போங்கள். அதற்கும் மேலே, அந்த ஆர்கனைசேஷனின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். பல பெற்றோர் அவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் தலைவர்கள் நியமனத்தில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. அந்தப் பொறுப்பில் இருப்பதாலேயே அவர் டிஸ்ட்ரிக்ட் கமிட்டியில் உறுப்பினரும் ஆகிறார். டிஸ்ட்ரிக்ட் சேரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்களிப்பதும் இவரைப் போன்றவர்கள்தான். அவர் யார் என்று இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிட் கமிஷனரிடமும் பேசலாம். ஸ்கவுட்மாஸ்டருக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்து இரு பக்கமும் காது கொடுத்துக் கேட்கும் ஒருவர் இருந்தாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாகவோ தவறாக நடத்தப்படுவதாகவோ சந்தேகம் வந்தால், கமிட்டி சேர், கமிஷனர் என்று படிப்படியாகப் போகக் கூடாது. உடனே காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். ஆபத்து அந்த நிமிடமே இருந்தால் 911. அதன் பிறகு கவுன்சிலின் ஸ்கவுட் எக்ஸிகியூட்டிவுக்குத் தெரிவிக்க வேண்டும். "நான் இன்னாரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடவும் கூடாது. சந்தேகப்பட்டவரே நேரடியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. இதில் சங்கடம், நட்பு, ஊர்ப்பேச்சு எதையும் பார்க்காதீர்கள்.

டிஸ்ட்ரிக்ட் நேரடியாக உங்கள் மகன் விஷயத்தில் வரும் ஒரு இடம் ஈகிள் ஸ்கவுட் ப்ராஜெக்ட், அதாவது ஈகிள் என்ற உச்சத் தகுதிக்காகச் செய்யும் சேவைத் திட்டம். வேலையைத் தொடங்கும் முன்னால் அந்தத் திட்டத்துக்கு, உதவி பெறப்போகும் அமைப்பு, ஸ்கவுட்மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, அதோடு கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் என்று எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும். ஈகிளுக்கான தேவைகளை 18-ஆம் பிறந்தநாளுக்கு முன்பே முடித்தாக வேண்டும். கடைசி மாதங்களில் கையெழுத்துக்காக ஓடும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். டிஸ்ட்ரிக்டில் அட்வான்ஸ்மென்ட் பொறுப்பாளர் யார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்லுங்கள். அழைப்பதும் எழுதுவதும் அவனே செய்யட்டும்.

இப்போது உங்கள் கணவர். தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். யூனிட் கமிஷனருக்குக் கூடாரம் அடிக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்க்கத் தெரிய வேண்டும். ஸ்கவுட்மாஸ்டர் களைத்துப் போயிருக்கிறாரா, அடுத்த வருடம் அவர் இடத்துக்கு ஆள் தயாராகிறாரா, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூன்றே மாதத்தில் நின்றுவிடுகிறார்களா, கமிட்டி கூடுகிறதா இல்லையா, இதையெல்லாம் கவனித்து, தேவையான உதவியை டிஸ்ட்ரிக்டிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பார்த்ததைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். நம்மில் பலர் அலுவலகத்தில் ஒரு குழு சோர்ந்து போகும் அறிகுறியைச் சட்டென்று கண்டுபிடிப்பவர்கள். அந்தத் திறமை இங்கே அப்படியே பயன்படும்.

நிபந்தனைகள் உண்டு. பின்னணிச் சோதனைக்குச் சம்மதிக்க வேண்டும், சிறார் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும், கமிஷனருக்கான அடிப்படைப் பயிற்சியையும் எடுக்க வேண்டும். சம்பளம் இல்லை, பதிவுக் கட்டணம் வேறு உண்டு. காருக்குப் பெட்ரோலும் நம் செலவுதான். வரிக் கணக்கில் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர் என்றால், தொண்டுப் பணிக்காக ஓட்டிய தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் காட்டலாம்.

ஒன்றை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் இருக்கும் ட்ரூப்பைத் தராமல் வேறு யூனிட்டைத் தரச் சொல்லட்டும். சொந்தப் பிள்ளை இருக்கும் இடத்தில் வெளியாள் போலப் பார்ப்பது கடினம். மற்ற பெற்றோரும் அவரை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் ஸ்கவுட்மாஸ்டரோடு உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கும் இந்த நேரத்தில்.

நம்மவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறோம், முகாமுக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறோம், பணமும் தருகிறோம். டிஸ்ட்ரிக்ட் பொறுப்பு என்று வந்தால் தயங்குகிறோம். "அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறோம். கேட்டு வந்திருக்கும் ஒரு பொறுப்பை, கூடாரம் அடிக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் கணவர் விட்டுவிடக் கூடாது என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இன்னும் தயக்கம் இருந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அடுத்த மாத ரவுண்ட்டேபிளுக்கு ஒருமுறை போய் வரட்டும். டிஸ்ட்ரிக்ட் கமிஷனர் அங்கே இருப்பார். எந்த யூனிட், மாதத்தில் எவ்வளவு நேரம், யார் பழக்கிவிடுவார் என்று மூன்றையும் நேரிலேயே கேட்டுவிடலாம். பதிவு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதுதான், ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வருடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி மெரிட் பேட்ஜ் கவுன்சிலர் பற்றி வந்திருக்கிறது, அதற்குப் போகலாம்.