கரி அடுப்பின் காற்றை யாரிடம் ஒப்படைப்பது? கைக்குமிழ், உலோகச் சுருள், சுவர்த் தெர்மோஸ்டாட்: ஓர் ஒப்பீடு

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கில், ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பேரி, ஹேசல்டன் என்று ஆந்த்ரசைட் நிலக்கரியால் வளர்ந்த ஊர்களில், இன்றும் பல வீடுகள் பனிக்காலத்தைக் கரி அடுப்பை நம்பித்தான் கடக்கின்றன. அப்படியொரு அடுப்பை வாங்கக் கடைக்குப் போகிறவர் விலையைப் பார்த்துத் திகைப்பதைவிடக் காற்றுக் கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான் அதிகம் குழம்புகிறார். ஒன்றில் கையால் திருகும் குமிழ் இருக்கிறது. இன்னொன்றில் சங்கிலியில் தொங்கும் தகடு தானாகவே ஏறி இறங்குகிறது. மூன்றாவதைச் சுவரில் மாட்டிய கருவியோடு இணைக்கலாம் என்கிறார்கள். இவற்றைத்தான் இன்று ஒப்பிடப் போகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை உணர்ந்து காற்றைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, எவ்வளவு துல்லியமானது என்று கேட்பதற்கு முன், அது எதனுடைய சூட்டை உணர்கிறது என்று கேளுங்கள். அடுப்பின் உடம்பையா, அறையின் காற்றையா, கொதிகலனின் தண்ணீரையா? மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஆந்த்ரசைட் எரியும் விதத்தைச் சற்றுப் பார்த்தாக வேண்டும். விறகைப் போலவோ சாதாரண நிலக்கரியைப் போலவோ சூடுபட்டதும் நிறைய வாயுவை வெளிவிட்டு எரிகிற பொருள் அல்ல இது; பெரும்பகுதி கெட்டியான கார்பன். ஆகவே மேலிருந்து காற்றைக் காட்டினால் அது சட்டை செய்யாது. கீழே இருக்கும் இரும்புத் தட்டியின் வழியாக, தணலை ஊடுருவிக்கொண்டு காற்று மேலே ஏற வேண்டும். அப்படி ஏறும்போது அடிப்பகுதியில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே உள்ள செந்தணலைக் கடக்கையில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அது மேற்பரப்பில் பற்றிக்கொண்டு எரிவதைத்தான் நீங்கள் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நீல நாக்குகளாகப் பார்க்கிறீர்கள். ஆக, தட்டிக்கு அடியில், சாம்பல் கதவின் வழியாக எவ்வளவு காற்று நுழைகிறது என்பதே அடுப்பின் சூட்டை ஏறக்குறைய முழுமையாகத் தீர்மானிக்கிறது.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. ஆந்த்ரசைட் மிகவும் மெதுவாகப் பதில் சொல்லும். காற்றைத் திறந்தால் உடனே சூடேறாது. மூடினாலும் உடனே தணியாது. 18 கிலோ கரி கொள்ளும் அடுப்பை நிரப்பி, மணிக்கு ஒன்றரைக் கிலோ வீதம் எரித்தால் 12 மணி நேரம் ஓடும் என்பது அதன் பெருமை; ஆனால் அத்தனை கரியும் ஒருசேரச் சிவந்துவிட்டால் உடனே அணைத்து அடக்க வழியில்லை என்பது அந்தப் பெருமையின் மறுபக்கம்.

இப்போது கைக்குமிழிலிருந்து தொடங்குவோம். ஹார்மன் நிறுவனத்தின் மார்க் வரிசை அடுப்புகளில் சாம்பல் கதவின் மேல் வட்டமான திருகு ஒன்று இருக்கும். அதை இடமாகத் திருகினால் இடைவெளி கூடும், வலமாகத் திருகினால் குறையும். இதில் பழுதாக எதுவுமே இல்லை. எனக்குத் தெரிந்த பழைய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் இதைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. திருகு கட்டுப்படுத்துவது துவாரத்தின் அளவை மட்டுமே. அந்தத் துவாரத்தின் வழியே எவ்வளவு காற்று போகிறது என்பதைப் புகைபோக்கி காற்றை உறிஞ்சும் பலமும், அதாவது அதன் இழுவையும், சேர்ந்தே முடிவு செய்கிறது. இரவில் வெளியே குளிர் கூடினாலோ, காற்று பலமாக வீசினாலோ இழுவை ஏறும். இழுவை இரண்டு மடங்கானால், அதே துவாரத்தில் காற்று ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அடுப்பு தன் போக்கில் சூடேறும்.

இதற்காகத்தான் புகைக்குழாயில் பாரோமெட்ரிக் டாம்பர் என்ற எடை வைத்த ஊசல் தகட்டைப் பொருத்துகிறார்கள். குக்கர் வெயிட் அளவு மீறிய ஆவியை வெளியே விடுவதைப் போல, இது அளவு மீறிய இழுவைக்கு அறையின் காற்றையே ஊட்டி அதைச் சமன்படுத்துகிறது. இதோ, இழுவையை அளக்கும் இந்த மேனோமீட்டரில் சிவப்புத் திரவம் 0.05 அங்குல நீர்மட்டத்தில் நிற்கிறது. கரி அடுப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 0.04 முதல் 0.06 வரையிலான எல்லைக்குள் இருக்கிறது. பாஸ்கல் கணக்கில் சொன்னால் 10 முதல் 15. இந்த ஊசல் தகடு ஒழுங்காக வேலை செய்தால், கைக்குமிழ் வைத்த அடுப்பும் நாள் முழுவதும் ஒரே சீராக எரியும். தெர்மோஸ்டாட் இல்லை என்பதற்காக நல்ல அடுப்பொன்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது உலோகச் சுருள். ஹிட்ஸர், டி.எஸ். மெஷின் போன்ற நிறுவனங்களின் கரி அடுப்புகளில் இருப்பது இந்த வகைதான். கேமராவை அடுப்பின் பின்பக்கம் கொண்டுபோகிறேன், பாருங்கள். சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டவைத்துச் சுருட்டியிருக்கிறார்கள். அடுப்பின் உடம்பு சூடேறினால் ஒரு பட்டை அதிகமாக நீள, சுருள் முறுக்கிக்கொள்கிறது. அதன் நுனியில் தொங்கும் மணிச்சங்கிலி தளர்ந்து, கீழே உள்ள காற்றுத் தகட்டை இறக்குகிறது. அடுப்பு ஆறினால் சுருள் பிரிந்து தகட்டைத் தூக்குகிறது. இன்று அடுப்பின் பின்பக்கம் இளஞ்சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே முடி உலர்த்தும் கருவியைச் சுருளின் மேல் காட்டுகிறேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை... இப்போது சங்கிலியின் கடைசி மூன்று மணிகள் நடுங்குகின்றன... தகடு ஒரு விரல் அகலத்திலிருந்து நூல் அகலத்துக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. பனிப்புயலில் கம்பி அறுந்து ஊரே இருட்டில் கிடக்கும்போதும் இது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதன் சிறப்பு அந்த எளிமையில் மட்டும் இல்லை. திறந்தது அல்லது மூடியது என்ற இரண்டே நிலைகளில் நில்லாமல், சூட்டுக்கேற்ப இம்மி இம்மியாக நகர்கிறது. அதோடு, அறைக்குச் சூடு தெரிவதற்கு முன்பே அடுப்பின் சூட்டை உணர்ந்துவிடுகிறது. மெதுவாகப் பதில் சொல்லும் எரிபொருளுக்கு, முன்கூட்டியே உணரும் கருவிதான் பொருத்தம். இரவில் இழுவை ஏறினாலும், அடுப்பு சூடேறத் தொடங்கும்போதே தகடு கொஞ்சம் இறங்கி அதை ஈடுசெய்துவிடுகிறது. கைக்குமிழால் இது முடியாது.

ஆனால் சுருளுக்குச் சூடு மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் தெர்மோஸ்டாட் சரியில்லை என்று புலம்புகிறார்கள். முதல் நிலைமை: புதிதாகக் கரி போடுகிறீர்கள். குளிர்ந்த கரி தணலை மூடுகிறது, அடுப்பின் உடம்பு ஆறுகிறது, சுருள் தகட்டை அகலத் திறக்கிறது. சிறிது நேரத்தில் கரி முழுவதும் பற்றிக்கொள்கிறது; சுருள் அதை உணர்ந்து தகட்டை மூடும்போது, உள்ளே சேர்ந்துவிட்ட சூட்டை என்ன செய்வது? அடுப்பு குறித்த அளவைத் தாண்டித்தான் நிற்கும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, குளிருகிறதே என்று, சுருளுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று எண்ணில் குறிக்கும் குமிழைக் கூடுதலாகத் திருப்பிவைக்காமல், போட்டிருந்த எண்ணிலேயே விட்டுவிட்டு, கரி போடும்போது ஓர் ஓரத்தில் செந்தணலை மூடாமல் வைப்பது. அந்தத் தணல் மேலே எழும் வாயுக்களை உடனுக்குடன் பற்றவைத்துவிடும். முழுவதும் மூடிவிட்டால் வாயு தேங்கி, பின்பு ஒரேயடியாகப் பற்றி, கதவே அதிரும்படி வெடிக்கக்கூடும்.

இரண்டாவது நிலைமை சாம்பல். தட்டியின் மேல் சாம்பல் அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது, அடுப்பு ஆறும், சுருள் இன்னும் திற, இன்னும் திற என்று தகட்டை உயர்த்திக்கொண்டே போகும். காற்று இல்லாததற்குக் காரணம் தகடு அல்லவே. ஆகவே தகடு முழுவதும் திறந்திருந்தும் அடுப்பு ஆறியிருந்தால், எண்ணைக் கூட்டாதீர்கள், தட்டியை உலுக்குங்கள். பழகியவர்கள் அடுப்பைத் திறக்காமலேயே, தகடு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதைப் பார்த்து உள்ளே தணல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, அடுப்பின் பின்னால் ஓடும் மின்விசிறி. அது ஊதும் அறைக்காற்று சுருளின் மேல் பட்டால் சுருள் குளிர்கிறது. அடுப்பு ஆறிவிட்டதாக நினைத்துத் தகட்டைத் திறக்கிறது. விசிறியைக் கூட்டினால் கரி அதிகம் செலவாவதற்கு இதுவும் ஒரு காரணம். விசிறியின் வேகத்தை மாற்றினால் குமிழின் எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சுவர்த் தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். கரி அடுப்புக்கு இது புதிய யோசனை அன்று. 1885இல் மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் உருவாக்கி, அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்ற கருவி இதுதான்: அறையின் சூடு குறைந்ததும் மின்சுற்று இணைந்து, ஒரு தடை விலக, சிறு மோட்டாரின் அச்சு அரைச்சுற்று சுழன்று, சங்கிலியை இழுத்து, உலையின் காற்றுத் தகட்டைத் திறக்கும், சூடு போதுமானதும் மீதி அரைச்சுற்று சுழன்று மூடிவிடும். பட்ஸ் தொடங்கிய தொழில் பல கைகள் மாறி, 1927இல் நிகழ்ந்த இணைப்பின் வழியாக இன்று நாம் ஹனிவெல் என்று அறியும் நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் வீட்டில் ஒருவர் ராத்திரியிலும் எழுந்து அடித்தளத்துக்கு இறங்கிப்போய்த் தகட்டைத் திறந்து மூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்பது புரியும்.

ஆனால் அது அடித்தளத்தில் நின்று வீடு முழுவதற்கும் குழாய் வழியே சூடு அனுப்பிய பெரிய உலைக்கு ஏற்றது. கூடத்தில் நிற்கும் சிறிய அடுப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்ச்சுவர் வரை சூடு போய்ச் சேர்ந்து, கருவி அதை உணர்ந்து மூடுவதற்குள், உள்ளே இருக்கும் கரி முழுவதும் சிவந்திருக்கும். பிறகு அறை வெந்து, தகடு நெடுநேரம் மூடியே கிடந்து, தணல் ஒடுங்கி, அடுத்த முறை திறக்கும்போது அணையும் நிலைக்கு வந்திருக்கும். ஆந்த்ரசைட் தணல் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு காற்று கொடுத்தாலும் மீளாது. சுத்தமாக அள்ளிவிட்டு விறகிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கொதிகலன் வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சாம்சன், ஹனிவெல் ஆகியவற்றின் சங்கிலிச் சீராக்கிகளில் உணர்கருவி தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும். தண்ணீர் சூட்டைச் சேமித்து வைக்கும் பொருள் என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. அரிசிக்கரி எனப்படும் மிகச் சிறிய கரித்துண்டுகளைத் தானாகவே தள்ளும் ஸ்டோக்கர் அடுப்புகளில் மின்னணுத் தெர்மோஸ்டாட் அழகாக வேலை செய்வதற்குக் காரணம், அங்கே ஒரு நேரத்தில் எரிவது கைப்பிடி அளவு கரிதான். ஆனால் மின்சாரம் போனால் அவை நின்றுவிடும்.

எந்த வகையை வாங்கினாலும், கட்டுப்பாட்டைத் தாண்டி நுழையும் காற்றைத் தேடிப் பிடித்து அடையுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சாம்பல் கதவின் விளிம்பு நெடுக மெதுவாக நகர்த்துகிறேன், புகையைக் கவனியுங்கள். மேலே நேராகப் போகிறது, நேராகப் போகிறது, இங்கே கீல் பக்கத்தில் சட்டென்று உள்ளே வளைகிறது. இந்த இடத்தில் கயிற்று அடைப்பு நைந்துவிட்டது. இது இப்படியே இருந்தால் தகடு முழுவதும் மூடினாலும் தணலுக்குக் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். சாம்பல் கதவையே திறந்து வைத்து மறந்துவிட்டால் எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் காப்பாற்ற முடியாது. தட்டி வளைந்து உருகும் அளவுக்குச் சூடேறிவிடும். அதேபோல் தகடு முழுவதும் அடைபடவும் கூடாது. அடியில் இருக்கும் திருகாணியைச் சற்று வெளியே எடுத்து, தடித்த அட்டையொன்று நுழையும் இடைவெளி எப்போதும் இருக்கும்படி வைத்தால் தணல் உயிரோடு இருக்கும்.

இளவெயில் அடிக்கும் நாட்களில்தான் தெர்மோஸ்டாட் வைத்த அடுப்பிடம் அதிக எச்சரிக்கை வேண்டும். வெளியே சூடு இருக்கும்போது இழுவை ஏற்கெனவே குறைவு. தகடும் மூடியிருப்பதால் புகைக்குழாய் ஆறி, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மேலே போகாமல் அறைக்குள் கசியலாம். கடையில் கிடைக்கும் அபாய மணிகள் அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்தே ஒலிக்கும். 400 பிபிஎம் என்றால்தான் 4 முதல் 15 நிமிடங்களுக்குள் ஒலிக்கும். ஆகவே குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் மானி ஒன்றை அடுப்பிருக்கும் தளத்திலும் படுக்கையறைக்கு வெளியிலும் வையுங்கள். பகலில் வெளியே 10 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலைத்துவிட்டால் நான் அடுப்பை அணைத்துவிடுகிறேன். அடுத்த காணொளியில் கீல் பக்கத்துக் கயிற்று அடைப்பை மாற்றிக் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.