ஐவரி வேறு, கிரீம் வேறு, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஐவரி, கிரீம் என்று ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயிண்ட் நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மெனக்கெடுவது அவசியமா, வீண் வேலையா? அவசியம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நல்ல கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போனார். "ஐவரிக்கும் கிரீமுக்கும் வித்தியாசம் தேடுகிறவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்" என்றார். சரி ஐயா, அங்கேயே போவோம்.

என் பெரியம்மா வீட்டில் பெயிண்ட் வேலை. ஹால் சுவரில் ஐவரி ஒரு கட்டம், பக்கத்திலேயே கிரீம் ஒரு கட்டம் அடித்துக் காட்டினார் பெயிண்டர். பெரியப்பா "ஐவரி" என்கிறார். பெரியம்மா, "ரெண்டும் ஒரே மஞ்சள்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்கிறார். அப்படியே நம் எதிரணித் தலைவர்! பேச்சு முடிகிற வழியாக இல்லை. பெயிண்டர் வேறு வீட்டு வேலைக்கே போய்விட்டார். அதற்குள் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தார். ஹாலுக்குள் கால் வைத்தார். நின்றார். சுவரைப் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். "ஏங்க, இது வெள்ளையாட்டம் இருக்கு, அது மஞ்சளா இருக்கு. எப்ப மாத்தினீங்க?"

யாரும் மாற்றவில்லை, அவையோரே! வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும். அதை எடுத்து வேறு லென்ஸ் வைத்ததும் சுவர் தன் நிறத்தைக் காட்டியது. இப்போது சொல்லுங்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் யார்? வித்தியாசம் தெரிகிறவரா, தெரியாதவரா?

விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். கடையில் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்த கிரீம், வீட்டில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் இன்னும் மஞ்சளாகும். ஷேட் கார்டில், அதாவது நிற மாதிரி அட்டையில், விரலகலம் பார்த்தது, நான்கு சுவரிலும் ஏறினால் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதனால்தான் சுவரில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு, பகலிலும் பாருங்கள், விளக்கு போட்டும் பாருங்கள் என்கிறோம்.

அதெல்லாம் கிடக்கட்டும். வாடகை வீட்டில் ஓனர் அடித்ததுதான் நிறம். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கவேண்டும். அப்படி வீடு வீடாக மாறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடன் வாங்கி ஒரு வீட்டைக் கட்டிய அம்மாவிடம் முதன்முறையாக ஒருவர் கேட்கிறார்: "எந்தக் கலர் போடலாம்மா?" ஷேட் கார்டை ஜன்னலோரம் எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டுமே! பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமே! அந்த அம்மாவைப் பார்த்து "வீண் வேலை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா, நடுவர் அவர்களே? தீர்ப்பை அவருக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.