இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனவு காணும்போதே அது கனவு என்று உணர வேண்டும் என்பதற்காகப் பகலெல்லாம் விரலை எண்ணி, இது கனவா நிஜமா என்று சோதித்துப் பார்க்கிறாராம், ஒன்றும் நடக்கவில்லை. அடிக்கடி வருகிற கனவு ஒன்றுதான், குடமுருட்டி ஆறு கரை நிறைய ஓடுகிறது, இவர் பாலத்தில் நிற்கிறார். இதெல்லாம் உண்மையா, என்னால் முடியுமா என்கிறார்.

உண்மைதான் தம்பி. 1975ல் இங்கிலாந்தில் கீத் ஹேர்ன் என்கிற ஆய்வாளர் இதைக் கருவியிலேயே பதிவு செய்துவிட்டார். கனவு வரும் தூக்கத்தில் உடம்பு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும், கண்விழி மட்டும் அசையும். அதனால் தூங்கியவர், கனவுக்குள் விழிப்பு வந்ததும், முன்பே பேசி வைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஸ்டீஃபன் லாபெர்ஜும் இதையே நிரூபித்து, பழகுவதற்கு ஒரு முறையும் வகுத்துக் கொடுத்தார்.

விரலை மட்டும் நம்பாதீர்கள். 2017ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பகல் சோதனையோடு, விடியலுக்கு முன் எழுந்து திரும்பப் படுப்பதையும் லாபெர்ஜ் முறையையும் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களுக்கு, முயன்ற இரவுகளில் 17 சதவீதம் பலித்தது. முறையைச் செய்து முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப் போனவர்களுக்குக் கிட்டத்தட்ட 46 சதவீதம்.

காரணம், கனவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும். மடை மாற்ற மூன்று மணிக்கு வயலுக்குப் போய்விட்டு வந்து மறுபடி கண் அசருகிறார்களே, அந்தத் தூக்கத்தில் கனவு நிறைய வரும். நீங்களும் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் படுங்கள். போனைத் தொடாதீர்கள்.

லாபெர்ஜ் முறை இதுதான்: படுத்ததும் உங்கள் பாலத்துக் கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, "அடுத்த முறை இந்தத் தண்ணீரைப் பார்த்ததும் இது கனவு என்று கண்டுகொள்வேன்" என்று சொல்லிக்கொண்டே தூங்குங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அருமையான அடையாளம் தம்பி! மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல்தான் திறக்கிறார்கள், சித்திரையில் ஆற்றில் மணல்தான் கிடக்கும், அப்போது கரை நிறைய ஓடினால் வேறென்ன வேண்டும்? பகலில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று, இது என்ன மாதம், நான் எப்படி இங்கே வந்தேன் என்று நிஜமாகவே கேட்டுப் பாருங்கள். சும்மா வாயால் சொன்னால் கனவிலும் சும்மாதான் வரும்.

அப்புறம், கண் விழித்ததும் புரளாமல் கிடந்து கனவை நினைவுபடுத்தி, நோட்டில் எழுதிவிடுங்கள். கனவு என்று தெரிந்த சந்தோஷத்திலேயே பலருக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நேரம் உள்ளங்கைகளைத் தேயுங்கள், பாலத்துக் கைப்பிடியைத் தொடுங்கள், கனவு கலையாமல் நிற்கும். சிலருக்கு விழித்த பிறகும் உடம்பு அசையாது, ஊரில் அமுக்குவான் என்பார்கள். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும்.

தினமும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மறுநாள் வேலை இல்லாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். நிஜம் எது, நினைப்பு எது என்று ஏற்கெனவே குழம்புகிறவர்கள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.