கழிவறை வாசலில் யார் காவல்?

[காட்சி: சிங்கப்பூர், தேக்கா நிலையம், ஞாயிறு மதியம். உணவுக் கடைகளைத் தாண்டிக் கழிவறைக்குப் போகும் வழி.]

வணக்கம். தேக்காவில் பிரியாணி சாப்பிட்டாயிற்று, தேநீரும் குடித்தாயிற்று, இப்போது கழிவறையைத் தேடுகிறீர்கள். ஈரத் தரை, மஞ்சள் வாளி, சுவரோரம் சாய்த்து வைத்த துடைப்பம். ஒரு பக்கம் ஆண் படம், மறுபக்கம் பெண் படம். எந்தப் பக்கம் போவது என்று நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். கால் தானாகத் திரும்பியிருக்கும்.

என் தோழி ஒருத்திக்கு அப்படித் திரும்பாது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், திருநங்கை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் மனத்தில் ஒரு வரைபடம் ஓடும். எந்தக் கடைத்தொகுதியில், எந்த மாடியில் தனி அறைக் கழிவறை இருக்கிறது, எது பூட்டியிருக்கும், எங்கே கூட்டம் குறைவு என்பதெல்லாம் அதில் உண்டு. காலைத் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிடுவாள். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க தண்ணீர் குடிக்காமல் அலைவது எப்படி இருக்கும் என்று ஒருநாள் முயன்று பாருங்கள். வேண்டாம், உடம்புக்கு ஆகாது.

அவள் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 2015இல் 27,715 பேரிடம் ஒரு பெரிய கருத்தாய்வு நடந்தது. எல்லாரும் திருநங்கைகள், திருநம்பிகள், பாலினம் மாறிய பிறர். அவர்களில் 59 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஓர் ஆண்டில் பிரச்சினைக்குப் பயந்து பொதுக் கழிவறையைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். 32 விழுக்காட்டினர் கழிவறைக்குப் போகாமல் இருக்கவே சாப்பிடுவதையும் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். 8 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ வந்திருந்தது. அமெரிக்கக் கணக்குதான். ஆனால் பாதியில் வைத்த தேநீர்க் கோப்பையை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன்.

சரி, சிங்கப்பூரில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? சத்தம் போடுவது அபூர்வம். நாம் சத்தம் போடுகிற ஊர்க்காரர்கள் இல்லை. அவள் பெண்கள் பக்கம் நுழைந்தால், கை கழுவிக்கொண்டிருந்தவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்ப்பார், அப்புறம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். உள்ளே வந்தவர் ஒருவர் திரும்பிப் போய் வெளியே நிற்பார். பிள்ளையோடு வந்த தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆண்கள் பக்கம் போனாலோ நமுட்டுச் சிரிப்பு, கிண்டல், சில நேரம் அதைவிட மோசம். இரண்டில் எது பரவாயில்லை என்று ஒருமுறை கேட்டேன். கூட்டத்தைப் பொறுத்தது என்றாள்.

[காட்சி: கண்ணாடி, குழாய், கை உலர்த்தும் இயந்திரம். ஆள் யாரும் இல்லை.]

அந்தக் கதவுக்கு உண்மையில் காவல் யார்? அடையாள அட்டையைக் கேட்டுச் சரிபார்க்க யாரும் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. சில இடங்களில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது காசுதான். ஆக, காவல் நம் கண்தான். முடி, உயரம், தோள், நடை, குரல் ஆகியவற்றைப் பார்த்து ஓரிரு விநாடியில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு தவறும். என் பெரியம்மா மகள் பாதுகாவலர் வேலை பார்க்கிறாள். பிறந்தது முதல் பெண்தான். முடியைக் கிராப்பு வெட்டியிருப்பாள், சீருடைக் கால்சட்டை, நல்ல உயரம். ஓர் உணவங்காடியில் துப்புரவு வேலை செய்யும் ஆண்ட்டி, "அங்கிள், அந்தப் பக்கம்!" என்று துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிவிட்டார். இப்போது அவள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். பெண்கள் கழிவறைக்குள் நுழையும்போதே, யாரும் அழைக்காத கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, "ஆமாம்மா, சாப்பிட்டேன்மா" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போவாள். குரலைக் கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் தோளைத் தளர்த்திக்கொள்வார்களாம். திருநங்கைகளைத் தடுக்கப் போட்ட வலையில் சிக்குவது இப்படி வேறு யாரோ.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஆண்ட்டியே பத்து நிமிடம் கழித்து ஆண்கள் பக்கம் போய்த் தரையைக் கூட்டுவார். ஆண்கள் வரிசையாக நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் கூச்சம் இல்லை, ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு அவர் அங்கே இல்லவே இல்லை. ஏழு வயது மகனைத் தாய் பெண்கள் பக்கம் அழைத்துப் போகிறார், சின்ன மகளை அப்பா ஆண்கள் பக்கம் தூக்கிப் போகிறார். ஆண், பெண் என்ற கோட்டை நாம் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். யாரை ஆபத்தில்லாதவர் என்று நினைக்கிறோமோ அவருக்கு அந்தக் கோடு இல்லை.

கண்ணை நம்ப வேண்டாம், அட்டையை நம்பலாம் என்பார்கள் சிலர். அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அந்தக் கதவு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதில் ஒரு தமிழரும் வருகிறார்.

[காட்சி: கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பழைய கட்டடம்.]

1971 ஜூலை 30. நம் வீடுகளில் பாதிப் பேர் பிறந்த அதே கேகே மருத்துவமனை. அங்கேதான் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். 1973 முதல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. உலகில் பல நாடுகள் அப்போது இதைப் பற்றி யோசிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அப்படி மாறியவரின் திருமணம் செல்லாது என்று 1991இல் நீதிமன்றம் சொன்னது. 1996இல் திருமணச் சட்டமான மாதர் சாசனத்தைத் திருத்தி அதையும் சரிசெய்தார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் அட்டை மாறும் என்பது இதில் முக்கியம். செலவு, உடல்நிலை, பயம், குடும்பம் என்று ஏதோ ஒரு காரணத்தால் அதைச் செய்யாதவர்கள் உண்டு. பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டுப் பிறந்து, இன்று ஆணாக வாழும் திருநம்பி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஹார்மோன் எடுத்ததால் முகம் நிறையத் தாடி, கனத்த குரல், அகன்ற தோள். ஆனால் அட்டையில் பெண். அட்டைதான் விதி என்றால் அவர் பெண்கள் கழிவறைக்குள் போக வேண்டும். எந்தப் பெண்ணைப் பாதுகாக்க அந்த விதி வந்ததோ, அவரே அலறிக்கொண்டு வெளியே ஓடுவார்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் இதைச் செய்தும் பார்த்தது. அரசுக் கட்டடங்களிலும் பொதுப் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிவறை என்று 2016 மார்ச்சில் சட்டம் போட்டார்கள். பிறப்புச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார் அலைகிறார்கள்? நிறுவனங்கள் எதிர்த்தன. 2017இல் அங்கே நடக்கவிருந்த என்பிஏ கூடைப்பந்து நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டது. ஓர் ஆண்டில் அந்தக் கழிவறைப் பிரிவை நீக்கினார்கள்.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். பெண்களின் பயத்தைப் "பழம்பஞ்சாங்கம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நானும் பெண்தான். கழிவறைக்குள் நுழைந்ததும் கதவின் கீழ் இடுக்கைக் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு. இந்த ஊரில் ஒளிந்து பார்ப்பதும் ரகசியமாகப் படம் எடுப்பதும் கற்பனை இல்லை. 2020 ஜனவரி 1 முதல் தண்டனைச் சட்டத்தில் அதற்கென்றே 377பிபி என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஈராண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி எல்லாம் உண்டு.

ஒரு முஸ்லிம் தோழி சொன்னது இன்னும் நுட்பமானது. அவளுக்குக் குற்றவாளியைப் பற்றிய பயம் இல்லை. கண்ணாடி முன் நின்று முக்காட்டைக் கழற்றித் திரும்பக் கட்ட, வெளியிடத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே இடம் பெண்கள் கழிவறை. அங்கே வேற்று ஆண் இல்லை என்ற நம்பிக்கையில்தான் கழற்றுகிறாள். திருநங்கையை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பது அவளுடைய மார்க்கத்தையும் மனத்தையும் பொறுத்தது, அதை நான் அவளுக்குக் கற்றுத்தர முடியாது. அந்தத் தோழியும் நான் முதலில் சொன்ன தோழியும் ஒரே நாளில் என் வீட்டுக்கு வந்து ஒரே தட்டில் முறுக்கு சாப்பிட்டவர்கள். கழிவறைப் பேச்சை மட்டும் அன்று யாரும் எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. படம் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பற்றி நான் செய்தித்தாளில் படித்த வழக்குகளில், ஆள் சேலை கட்டி வேஷம் போட்டு வரவில்லை. சாதாரணச் சட்டை, கால்சட்டையில் வந்து, தடுப்பின் கீழே கைத்தொலைபேசியை நீட்டியிருந்தான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், திருநங்கைகள் தங்கள் பாலினப்படி கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று விதி இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. விதியால் கழிவறைக் குற்றங்கள் கூடியதற்கு அதில் தடயம் இல்லை. மசாசூசெட்ஸ் சிங்கப்பூர் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடுப்பின் கீழே உள்ள இடுக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

[காட்சி: தோக்கியோ, கபுகிச்சோ. இரவு விளக்குகள்.]

அமெரிக்காவை விட ஜப்பான் நமக்குப் பக்கம், குணத்திலும் கொஞ்சம் பக்கம். அவர்களும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அங்கே பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சில் வேலை பார்த்த ஒரு திருநங்கை, பெண்கள் கழிவறையைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு மாடியாவது தள்ளி இருக்கும் கழிவறைக்குத்தான் போக வேண்டும். சக ஊழியர்கள் சங்கடப்படக்கூடாதாம். மற்ற மாடியில் இருப்பவர்கள் சங்கடப்படலாம் போலிருக்கிறது! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜூலை 11 அன்று அந்தக் கட்டுப்பாடு சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. குடும்பப் பதிவேட்டில் அவர் பாலினம் மாறியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே ஆண்டு, அதே நகரம். கபுகிச்சோவில் ஏப்ரலில் ஒரு பெரிய கோபுரக் கட்டடம் திறந்தார்கள். அதில் ஒரு மாடிக் கழிவறையை எல்லாரும் பயன்படுத்தும்படி பொதுவாக்கியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பெண்கள் பாதுகாப்பில்லை என்று புகார் சொன்னார்கள். காவலரை நிறுத்திப் பார்த்தார்கள், தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அதையே ஆண், பெண் என்று பிரித்துக் கட்டிவிட்டார்கள். இரவு விடுதிகள் நிறைந்த இடத்தில், ஏற்கனவே பெண்களுக்கு என்று இருந்திருக்க வேண்டியதைப் பொதுவாக்கிவிட்டு, முற்போக்கு என்று பெயர் வைத்தால் இதுதான் நடக்கும். இழப்பு பெண்களுக்கு, கெட்ட பெயர் திருநங்கைகளுக்கு.

பிரிட்டனில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. அங்கே சமத்துவச் சட்டத்தில் "பெண்" என்ற சொல் பிறப்புவழிப் பெண்ணையே குறிக்கும் என்று 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திருநங்கைகளுக்குத் தனிப் பொதுக் கழிவறை கட்டச் சொன்னது. மூன்று ஆண்டு கழித்து மத்திய அரசின் துப்புரவு வழிகாட்டி, அவர்கள் விரும்பும் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்றது.

நம் ஊரில் இப்படிப் பெரிய தீர்ப்பு எதுவும் இந்த விஷயத்தில் பேசப்படுவதில்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் பாலின அடையாளம் இல்லை. இங்கே நடைமுறை என்பது கண்டும் காணாமல் விடுவது. அம்மாவிடம் கேட்டேன். "பூகிஸ் தெருவுல அந்தக் காலத்துல எவ்வளவு பேர் இருந்தாங்க தெரியுமாடி? வெள்ளைக்காரன்லாம் பார்க்கவே வருவான்" என்றார். உண்மைதான். ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை அந்தத் தெரு திருநங்கைகளால்தான் உலகப் புகழ் பெற்றது. அங்கிருந்த பொதுக் கழிவறையின் தட்டைக் கூரை மேல் குடித்த மாலுமிகள் ஏறி ஆடுவார்களாம். எம்ஆர்டி ரயில் நிலையம் கட்ட எண்பதுகளின் நடுவில் தெருவை இடித்தார்கள், ஆட்களும் கலைந்தார்கள். "அவங்கல்லாம் எந்த டாய்லெட்டுக்குப் போனாங்கம்மா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை யாருடி பார்த்தா?"

எனக்குத் தோன்றுவது கட்டடம் சம்பந்தப்பட்டது. தரை முதல் கூரை வரை மூடிய தடுப்பு. உள்ளேயே கைகழுவும் தொட்டியும் கண்ணாடியும் உள்ள தனி அறை, ஒரு மாடிக்கு ஒன்றிரண்டு. பெண்கள் கழிவறை அப்படியே இருக்கட்டும், இது அதற்கு மேல். முக்காடு கட்டும் தோழிக்கும், வயதான அப்பாவை அழைத்து வரும் மகளுக்கும், என் பெரியம்மா மகளுக்கும் அது உதவும். "உடற்குறையுள்ளோர் கழிவறைதான் இருக்கிறதே, அங்கே போகட்டும்" என்பது பலர் சொல்லும் சுலப வழி. சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே காத்திருப்பார், அவருக்கு அந்த ஒரு கதவுதான் இருக்கிறது என்பதை அதைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

[காட்சி: மூன்றாவது கதவு. அருகே போகிறோம்.]

இந்த வீடியோவுக்காக ஓர் இடத்தில் அந்த மூன்றாவது கதவைப் படம் எடுக்கப் போனோம், தோழியும் வந்திருந்தாள். பூட்டியிருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே வாளிகள், துணிமூட்டை, காகிதச் சுருள் பெட்டிகள். பக்கத்துப் பானக் கடையில் சாவி யாரிடம் என்று கேட்டோம்.

"ஆண்ட்டிகிட்ட. ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க."

மணி பன்னிரண்டே கால். தோழி தன் தேநீரைப் பாதியில் வைத்தாள்.