மடியில் கிடத்தி வாசிக்கும் டல்சிமர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிறந்த டல்சிமர் பற்றிப் பேசப்போகிறேன். கோல் கொண்டு தட்டும் பெரிய டல்சிமர் வேறு. இது மூன்று நான்கு தந்திகளோடு மடியில் கிடக்கும் ஒல்லியான கருவி. தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் கம்பிகளான மெட்டுகள், வீணையில் இருப்பதுபோல எல்லாச் சுரங்களுக்கும் இதில் கிடையாது. பழைய மெட்டமைப்பில், திறந்த தந்தியை ஆதார சட்ஜமாகக் கொண்டு ஏறினால் ஹரிகாம்போதி. மூன்றாம் மெட்டிலிருந்து ஏறினால் சங்கராபரணம்.

வாங்க வருபவர்கள் எல்லோரும் முதலில் வடிவத்தைத்தான் கேட்கிறார்கள். இடை சிறுத்த உடுக்கை வடிவம் கென்டக்கி மாநிலத்தின் அடையாளம். அங்கே நாட் கவுண்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் எட்வர்டு தாமஸ் 1871 முதல் செய்து விற்றது அந்த வடிவத்தைத்தான். ஒரு முனை அகன்று மறுமுனை குறுகும் துளி வடிவமும் உண்டு. வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊர்ப் பாணியில் உடல் பெரியது, அடிப்பலகை இரட்டை. நான்கு தந்திகளுக்கும் ஒரே சுருதி.

என் கருத்தில், ஒலியை வடிவத்தைவிடப் பெட்டியின் ஆழமும் மரமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. நீங்கள் அளக்க வேண்டியது தந்தியின் நீளத்தை. விரல்களை விரித்து மூன்று தந்திகளிலும் ஸ்வரக்கூட்டு (கார்டு) பிடிப்பவருக்கு 27 அங்குலத்துக்கு மேல் போனால் சுண்டுவிரல் கெஞ்சும். சிறு மரக்குச்சியால் பாட்டு வாசிக்கும் தந்தியை மட்டும் அழுத்தி, மற்றவற்றைச் சுருதிக்கு விட்டு வாசிப்பவருக்கு 29 அங்குலமும் தொல்லையில்லை.

இனி உட்காரும் விதம். கைப்பிடி இல்லாத நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், முழங்கால்கள் சற்று அகன்று. மீட்டும் முனை வலது இடுப்பை ஒட்டியிருக்கட்டும்; தலைப்பக்கம் இடது முழங்காலை நோக்கிச் சாய்ந்து விலகட்டும். உடலுக்கு இணையாக நேரே வைத்தால் இடது மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும்; கொஞ்ச நேரத்தில் தோளும் உயர்ந்துவிடும். வழுக்கும் துணி உடுத்தியிருந்தால் கருவி முழங்கால் பக்கம் நழுவிக்கொண்டே போகும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டு அதைப் பிடித்து நிறுத்தத் தொடங்கும். அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டித் தொடைமேல் போடுங்கள். அல்லது இடுப்பைச் சுற்றி வார் கட்டுங்கள்.

இன்னொன்று: அடிப்பலகை தொடையில் ஒட்டிக் கிடந்தால் அதன் அதிர்வு அடங்கிப்போகும். கேலக்ஸ் பாணியின் இரட்டை அடிப்பலகை இதற்கு விடை. மற்றவர்கள் 'போசம் போர்டு' என்ற தனிப் பலகையை மடியில் வைத்து, சிறு கட்டைகள்மேல் கருவியை ஏற்றுகிறார்கள். கடைக்குப் போனால் மடியில் ஒருமுறை, மேசைமேல் ஒருமுறை மீட்டச் சொல்லிக் கேளுங்கள். மேசையில் ஓசை கூடினால், கருவியை மாற்றத் தேவையில்லை; பலகை ஒன்று செய்துகொண்டால் போதும்.